எந்தப் பாறை பெற்ற எண்ணெய் இது?

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கடலடிப் பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதன்பின் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் அந்தக் கரையோரப் பாறைகளில் ஒட்டியிருந்த தார்க் கட்டிகளைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். எல்லாம் அந்தக் கப்பல் கொட்டியதுதான் என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் பல கட்டிகள் கலிஃபோர்னியாவின் மான்டெரே பாறையில் பிறந்த எண்ணெயைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது.

கச்சா எண்ணெய்க் குப்பிகளோடும் பாறைத் தூளோடும் ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். எங்கள் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

எண்ணெய் கிடைக்கும் பாறை வேறு, பிறக்கும் பாறை வேறு. பாசியும் பாக்டீரியாவும் இலை தழையும் மடிந்து, ஆக்சிஜன் எட்டாத சேற்றில் படிகின்றன. மேலே மண் ஏற ஏற, சேறு இறுகிப் பாறையாகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில், அதிலிருந்து எண்ணெய் பிறக்கிறது. அந்தப் பாறையே மூலப்பாறை. பிறந்த எண்ணெய் அங்கிருந்து கசிந்து நகர்ந்து, மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ தேங்குகிறது. கிணறு தோண்டி நாம் எடுப்பது அந்தத் தேக்கத்திலிருந்துதான்.

எண்ணெயின் பிறப்பிடத்தை அறியும் வழியைத் திறந்தவர் ஜெர்மானிய வேதியியலர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். பச்சையத்திலிருந்து வந்த போர்ஃபிரின் மூலக்கூறுகள் கச்சா எண்ணெயில் இருப்பதை 1930களில் அவர் காட்டினார். உயிரின் எலும்புக்கூடு போன்ற இத்தகைய மூலக்கூறுகளை உயிர்க்குறிகள் என்கிறோம்.

பாறையைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, அதிலுள்ள எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுப்போம். அதையும் கிணற்று எண்ணெயையும் ஒரே கருவியில் செலுத்துவோம். பாக்டீரியாவின் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன்கள் ஒரு வரைபடத்திலும், பாசி முதலியவற்றிலிருந்து வந்த ஸ்டீரேன்கள் இன்னொன்றிலும் முகடுகளாக எழும். பாறையின் முகடுகளும் எண்ணெயின் முகடுகளும் ஒத்துப்போனால் உறவு இருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு முகட்டை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. பல மூலப்பாறைகளின் எண்ணெய் கலந்திருக்கவும் கூடும். அதனால் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

இப்போது அலாஸ்காவுக்கு வருவோம். கப்பலில் இருந்தது அலாஸ்காவின் வடசரிவுப் பகுதி எண்ணெய். அதன் முக்கிய மூலப்பாறையான ஷூப்லிக் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பூக்கும் தாவரங்கள் பெருகாத காலம் அது. தார்க் கட்டிகளிலோ அந்தத் தாவரங்கள் விட்டுச்சென்ற ஓலியனேன் இருந்தது. மான்டெரே எண்ணெயின் அடையாளங்களில் ஒன்றான பிஸ்நார்ஹோப்பேனும் இருந்தது. ஒரு நியம மாதிரியோடு ஒப்பிட்ட கார்பன் ஐசோடோப்பு விகிதம் கப்பல் எண்ணெயில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ −29. கட்டிகளிலோ ஏறத்தாழ −24.

கலிஃபோர்னியா எண்ணெய் அவ்வளவு தூரம் எப்படி வந்தது? வடசரிவில் 1968இல் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்படும் முன், அலாஸ்காவுக்கு எரிபொருளும் தாரும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தன. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது வால்டீஸ் ஊரின் தார்த் தொட்டிகள் உடைந்தன. அப்போது கடலில் கலந்த தாரே இந்தக் கட்டிகள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கால் நூற்றாண்டு அலையும் வெயிலும் பட்டும் பிறப்பு அடையாளம் அழியவில்லை. லேசான சேர்மங்கள் ஆவியாகிப் போகும், நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், ஹோப்பேன்கள் எளிதில் சிதைவதில்லை.

இதனால் கப்பலின் பழி குறையவில்லை. அது கொட்டிய எண்ணெய் அந்தக் கரைகளைச் சீரழித்தது உண்மை. ஆனால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லாத நீதி பாதி நீதிதான்.

ஆகவே கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கரையில் எண்ணெய் ஒதுங்கினால், வெறுங்கையால் தொடாமல் சிறிதளவு எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், அதன் ரசாயனம் மாதிரியில் கலந்துவிடும். தேதியையும் இடத்தையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். கழுவித் தள்ளிய பிறகு எந்த ஆய்வகத்தாலும் உங்களுக்காகச் சாட்சி சொல்ல முடியாது.