நாலு மடையும் ஒரு மோட்டாரும்

ஜீயபுரத்துப் பிள்ளைகளுக்கு மதகு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்திலேயே முக்கொம்பு. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருக்கும் இடம் அது. என் அண்ணன் மகள் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்ததும் ஒரு மதகுதான். அட்டையில் அணை, தகரத்தில் கதவு, அதைத் தூக்கி இறக்க மஞ்சள் நிற பிஓ மோட்டார், கட்டளையிட ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு.

"சித்தப்பா, மோட்டார் அசையவே மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். மோட்டார் வயரை நேராக ஆர்டுயினோவின் காலில் சொருகியிருந்தாள். முதலில் அதைக் கழற்றச் சொன்னேன். அந்தக் கால் நோகாமல் தரக்கூடிய மின்சாரம் 20 மில்லிஆம்பியர்தான். இந்தச் சின்ன மோட்டார் சும்மா சுழலவே 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். கதவு சிக்கிக்கொண்டால் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். குடத்து ஓட்டையில் ஒழுகும் தண்ணீரை வைத்து வாழைத்தோப்புக்குப் பாய்ச்ச முடியுமா? ஆர்டுயினோவின் வேலை மடையைத் திறக்கச் சொல்வது மட்டும்தான். தண்ணீர் வேறு வாய்க்காலில், அதாவது தனி பேட்டரியிலிருந்து வரவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதவு ஏற மோட்டார் ஒரு பக்கம் சுழல வேண்டும், இறங்க மறுபக்கம். இதை வயல்வெளியில் வைத்தே பார்ப்போம். மேலே பாசன வாய்க்கால், கீழே வடிகால். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கால்வாய், அதில் ஒரு சக்கரம். கால்வாயின் இடது முனையிலிருந்து மேலே ஒரு மடை, கீழே ஒரு மடை. வலது முனையிலும் அப்படியே. இடது மேல் மடையையும் வலது கீழ் மடையையும் திறந்தால் தண்ணீர் இடமிருந்து வலம் ஓடும். அவற்றை மூடிவிட்டு மற்ற இரண்டையும் திறந்தால் வலமிருந்து இடம் ஓடும், சக்கரம் திரும்பிச் சுழலும். ஒரே பக்கத்து மடைகள் இரண்டையும் திறந்துவிட்டால்? தண்ணீர் சக்கரத்தைத் தொடாமலே நேரே வடிகாலில் விழும். மின்சாரத்தில் இதற்குப் பெயர் ஷார்ட் சர்க்யூட், புகை வரும்.

மடைகளுக்குப் பதில் நாலு சுவிட்சுகளும் சக்கரத்துக்குப் பதில் மோட்டாரும் வைத்து வரைந்து பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்துப்போல இருப்பதால் இதை எச் பாலம் என்கிறார்கள். எல்293டி என்ற 16 கால் ஐசிக்குள் இப்படி இரண்டு பாலங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 600 மில்லிஆம்பியர் தாங்கும். மதகைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டுமே, அதுபோல மோட்டாரை நிறுத்தும்போது மின்னழுத்தம் எகிறும். அதை வாங்கிக்கொள்ள உள்ளேயே டயோடுகள் வைத்திருக்கிறார்கள். பெயரின் கடைசி 'டி' அதற்குத்தான்.

இந்த ஐசி பொருத்திய போர்டு கடையிலேயே கிடைக்கும். இருந்தாலும் நாமே செய்வோம் என்றேன். மின்சாரம் போகும் பாதையை ஒருமுறை தன் கையால் வரைந்த பிள்ளைக்கு எந்தக் கருவியைத் திறந்து பார்த்தாலும் பயம் இருக்காது என்று நம்புகிறவன் நான். பால் ஐஸ்லர் என்பவர் 1936-இல் லண்டனில் வயர்களுக்குப் பதில் உலோகத் தடங்களை வைத்து ஒரு ரேடியோ செய்தார். நாங்கள் செய்ததும் அதே வழிதான்.

செம்பு பூசிய போர்டு ஒன்று வாங்கினோம். அந்தச் செம்பின் தடிமன் 35 மைக்ரான், ஏறக்குறைய தலைமுடியில் பாதி. அழியாத மார்க்கரால் தடங்களை வரைந்தாள். மோட்டாருக்குப் போகும் தடங்கள் அகலமாக, கட்டளைத் தடங்கள் ஒல்லியாக. ஐசியின் நடு நாலு கால்கள் வழியாகத்தான் சூடு இறங்கும் என்பதால் அங்கே பட்டையாகச் செம்பை விட்டோம். பிறகு பிளாஸ்டிக் தட்டில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல். கையுறை போட்டுக்கொண்டு நான்தான் ஊற்றினேன். நீங்களும் பெரியவர்கள் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. போர்டை அமிழ்த்தியதும் செம்பின் பளபளப்பு போய் வெளிர் ரோஜா நிறமானது. தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தோம். ஓரங்களில் முதலில் செம்பு கரைந்தது, பிறகு நடுவில். மை இருந்த இடம் மட்டும் தப்பியது. மிஞ்சிய கரைசலை ஒரு பாட்டிலில் மூடி, பெயர் எழுதி வைத்திருக்கிறோம். வாய்க்காலில் ஊற்றவே கூடாது. கரைந்த செம்பு மீன்களுக்கு விஷம்.

துளை போட்டு ஐசியைச் சொருகி, சால்டர் வைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் சோதித்தாள். 16-ஆம் காலுக்குப் போகவேண்டிய தடம் 1-ஆம் காலில் நின்றது! ஐசியை மேலிருந்து பார்த்து வரைந்திருந்தோம். செம்பு இருப்பதோ போர்டின் அடியில். அடியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிடும்.

அவள் முகம் வாடிவிட்டது. போர்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சித்தப்பா, ஐசியையே செம்புப் பக்கம் உட்கார வச்சா?"

வைத்தோம். எல்லாக் கால்களும் சரியாகப் பொருந்தின.

பேட்டரியை மாட்டி ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். கதவு கீழே இறங்கியது. மோட்டார் வயர் இரண்டையும் மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், எந்த ரெண்டு மடை திறக்கணும்கிறதை மாத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு புரோகிராமில் இரண்டு வரிகளைத் திருத்தினாள். தகரக் கதவு கிறீச்சென்று மேலே ஏறியது.