ராக்கெட் கிளம்பினால் குப்பத்துக்கும் சேதி, விமான நிலையத்துக்கும் சேதி! மாறிக்கொண்டே இருக்கும் விதிகளோடு அதிகாரிகள் மல்லுக்கட்டு

பழவேற்காடு:-

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிறது என்றால் லைட்ஹவுஸ் குப்பத்தில் அன்று கடல் இல்லை.

படகுகள் கரையிலேயே நிற்கும். வலை மடித்தபடி கிடக்கும். மீன்துறையில் இருந்தும் கடலோரப் போலீசில் இருந்தும் முன்கூட்டியே சேதி வந்துவிடும். ஊர் நிர்வாகிகள் அதை வீட்டுக்கு வீடு சேர்த்துவிடுவார்கள். எந்த நாள்? எத்தனை மணி வரை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் குப்பத்துக்குப் போதும். ஒரு நாள் பிழைப்பு போகிறதே என்ற ஆத்திரம் உண்டு. ஆனால் "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல ஆள் கிடையாது.

அதே ராக்கெட்டுக்காக இன்னொரு சேதி மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகிறது. அது தமிழில் இருக்காது. ஒழுங்கான இங்கிலீஷிலும் இருக்காது! எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேத பாஷை. அதற்குப் பெயர் "நோட்டாம்". விமானிகளுக்கும் விமான நிலையங்களுக்கும் விடப்படும் அறிவிப்பு.

குப்பத்துச் சேதி சேர வேண்டிய காதில் சேர்ந்துவிடுகிறது. விமான நிலையத்துச் சேதி? அங்கேதான் சிக்கல்.

வெடித்த ராக்கெட்

இந்த அறிவிப்பெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம்.

2006-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி இன்சாட்-4சி செயற்கைக்கோளுடன் கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் பாதை மாறியது. அதை வானத்திலேயே அழிக்க வேண்டியதாயிற்று. 2010-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று மறுபடியும் அதே கதை. இன்னொரு ஜி.எஸ்.எல்.வி. கிளம்பி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தள்ளாடியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தே அதைத் தகர்த்தார்கள். இரண்டு முறையும் துண்டுகள் வங்கக் கடலில் விழுந்தன. கடலையும் வானத்தையும் முன்பே காலி செய்து வைப்பது இதற்காகத்தான்.

கடலுக்கான எச்சரிக்கை டேராடூனில் இருந்து வருகிறது. அங்கே கடற்படையின் கடல் வரைபட அலுவலகம் இருக்கிறது. (கடலே இல்லாத ஊரில் இருந்து கடலுக்கு எச்சரிக்கை!) வானத்துக்கான எச்சரிக்கையை நோட்டாம் அலுவலகம் வெளியிடுகிறது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊரிலும் அந்த அலுவலகம் உண்டு.

நோட்டாமில் நேரம்கூட நம் நேரம் இல்லை. உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டிப் பார்க்க வேண்டும். சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14-ந் தேதி பிற்பகல் 2.35 மணிக்கு. விமானக் கணக்கில் அது 0905! கூட்டுவதில் ஒருவர் கோட்டைவிட்டால் ஐந்தரை மணி நேரம் அம்போ.

போட்ட அறிவிப்பு அப்படியே நிற்குமா என்றால் அதுவும் இல்லை. சந்திரயான்-2 2019 ஜூலை 15-ந் தேதி அதிகாலை 2.51 மணிக்குக் கிளம்ப வேண்டியது. 56 நிமிடம் பாக்கி இருக்கையில் கோளாறு கண்டுபிடித்து நிறுத்தினார்கள். பிறகு 22-ந் தேதி பிற்பகலில் கிளம்பியது. இப்படி நேர்ந்தால் பழைய நோட்டாமை ரத்து செய்ய ஒன்று, புது நாளுக்கு ஒன்று என்று மறுபடி விட வேண்டும். புதியது, மாற்றியது, ரத்தானது என்பதைக் காட்டக் கடைசியில் ஒரே ஒரு எழுத்துதான் மாறும். அதைக் கவனிக்கத் தவறினால் செத்துப்போன உத்தரவை உயிரோடு இருப்பதாக எண்ணி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கிருந்து வருகிறது விதி?

ராக்கெட் அறிவிப்பு ஒரு நாள் சமாசாரம். நிரந்தர விதிகள் மாறுவதுதான் பெரிய தலைவலி.

விதி பிறக்கும் இடம் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரம். 1944-ம் ஆண்டு சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தால் உண்டான சர்வதேச சிவில் விமான அமைப்பு அங்கே இருக்கிறது. அதற்கு 19 விதித் தொகுப்புகள். விமான நிலையங்களுக்கானது 14-வது தொகுப்பு. அங்கே ஒரு வரி திருத்தினால் டெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை நம் நாட்டு விதியாக மாற்றும். அங்கிருந்து விமான நிலைய ஆணையம். அங்கிருந்து விமான நிலைய மானேஜர். இப்போது அவரை டைரக்டர் என்கிறார்கள்.

அவர் படித்துவிட்டு பைலில் கட்டி வைத்தால் தீராது. ஒவ்வொரு லைசென்சு பெற்ற விமான நிலையத்துக்கும் ஒரு "மானுவல்" உண்டு. ரன்வேயின் நீளம் முதல் தீயணைப்பு வண்டி வரை எல்லாம் அதில் இருக்கும். விதி மாறினால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுப் புதுப் பக்கம் சேர்க்க வேண்டும். எப்போது மாற்றியது என்று பதிவும் வேண்டும். டெல்லிக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய பக்கத்தோடு பிடிபட்டால் ஆய்வுக்கு வருகிறவர் விடமாட்டார்.

வரைபடம், விமானப்பாதை, ரேடியோ அலைவரிசை மாதிரியான மாற்றங்களுக்கு உலகம் முழுவதும் ஒரே கிழமை: வியாழக்கிழமை. 28 நாளைக்கு ஒரு முறை. வருடத்துக்கு 13 தடவை. எல்லா நாடும் ஒரே நாளில் மாறினால்தான் இங்கே பழைய படம், அங்கே புதுப் படம் என்ற குழப்பம் வராது.

தீபாவளிக்கு வந்த விதி

மழைத்தண்ணீர் நிற்கிற ரன்வேயில் விமானம் இறங்கினால் பிரேக் சரியாகப் பிடிக்காது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கே இது தெரியும். எனவே ரன்வே எப்படி இருக்கிறது என்று தரையில் இருப்பவர்கள் விமானிக்குச் சொல்ல வேண்டும். முன்பு "ஈரம்", "திட்டுத்திட்டாகத் தண்ணீர்", "வெள்ளம்" என்று வார்த்தையில் சொன்னார்கள். ஒருவருக்கு ஈரம், இன்னொருவருக்கு வெள்ளம்!

புது விதி வந்தது. ரன்வேயை மூன்று பாகமாகப் பிரி. ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் போடு. காய்ந்திருந்தால் 6. மூன்று மில்லிமீட்டர் வரை தண்ணீர் என்றால் 5. அதைத் தாண்டித் தேங்கி நின்றால் ஒரேயடியாக 2. மூன்று மில்லிமீட்டர் என்பது இரண்டு ஒரு ரூபாய் காசை அடுக்கிய உயரம்தான். அந்த அளவு தண்ணீர் விமானத்தின் தலையெழுத்தை மாற்றும்.

இந்த விதி 2020 நவம்பரிலேயே வர வேண்டியது. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. உலகம் முழுவதுக்கும் குறித்த நாள் 2021 நவம்பர் 4. அன்று தீபாவளி!

மூன்றாம் நாள் சென்னைக்கு வந்தது மழை. 6-ந் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. 11-ந் தேதி காற்றழுத்த மண்டலம் கரையைக் கடந்தபோது பலத்த காற்று, மழை. சென்னையில் விமானங்கள் இறங்குவதைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். புது விதியைப் படித்து, புரிந்துகொண்டு, ஜீப்பில் ரன்வேயைப் பார்க்கப் போகிற ஆள் வரை சொல்லிக்கொடுத்து முடிக்க மழை காத்துக்கொண்டா இருக்கும்?

கட்டாயமா, சிபாரிசா?

விதியில் இரண்டு ரகம். ஒன்று கட்டாயம். மற்றது சிபாரிசு. இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் ரன்வேயின் எந்த மூலைக்கும் போய்ச் சேர வேண்டும். இது கட்டாயம். இரண்டு நிமிடத்தில் போவது சிபாரிசு. ரன்வே முடிந்த பிறகு, ஓட்டம் நிற்காத விமானத்துக்காக 90 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது கட்டாயம். 240 மீட்டர் என்பது சிபாரிசு. மலை உச்சியில் ரன்வே இருக்கும் ஊரில் இந்த சிபாரிசு எவ்வளவு முக்கியம் என்பதை மங்களூரும் கோழிக்கோடும் காட்டிவிட்டன.

2010 மே 22-ந் தேதி மங்களூரில் விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் பலி. அதன் பிறகு பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. அதில் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன். கோழிக்கோடு ரன்வே மழைக்காலத்தில் ஆபத்து என்று 2011-லேயே அவர் எழுத்து மூலம் எச்சரித்தார்.

2020 ஆகஸ்டு 7-ந் தேதி. கொட்டுகிற மழை. துபாயில் இருந்து வந்த விமானம் கோழிக்கோட்டில் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 21 பேர் பலி. விமானி நடைமுறையை மீறி, ரன்வேயில் வெகு தூரம் தள்ளி இறக்கியதே காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அது சரிதான். ஆனாலும் ஒன்பது வருடத்துக்கு முன் வந்த கடிதத்தை யாராலும் மறக்க முடியவில்லை.

எட்டாம் பக்கத்தில் ஒளிந்த சேதி

சேதியே வராமல் விபத்து நடப்பது அபூர்வம். வந்த சேதி குவியலில் புதைந்துபோவதுதான் அதிகம்.

2017 ஜூலை 7-ந் தேதி அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். இரவு நேரம். ஏர் கனடா விமானம் ஒன்று ரன்வே என்று நினைத்துப் பக்கத்து டாக்சி பாதையில் இறங்கப் போனது. அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. மயிரிழையில் மேலே கிளம்பித் தப்பியது. பக்கத்து ரன்வே மூடப்பட்டு இருக்கிறது என்ற அறிவிப்பு விமானிகள் கையில் இருந்தது. 27 பக்கக் கட்டில் எட்டாவது பக்கத்தில்!

இதை விடக் கொடுமை தைபேயில் நடந்தது. 2000 அக்டோபர் 31-ந் தேதி, புயல் மழையில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மூடப்பட்ட ரன்வேயில் கிளம்பப் பார்த்தது. அங்கே நின்ற கட்டுமான எந்திரங்கள் மேல் மோதித் தீப்பிடித்தது. 83 பேர் பலி. ரன்வே மூடிய அறிவிப்பு முன்பே வெளியாகி இருந்தது. விமானிகள் தவறு செய்தார்கள். ஆனால் அந்த ரன்வேயின் வாசலில் தடுப்பு இல்லை. விளக்குகளிலும் குறிகளிலும் சர்வதேச விதிப்படி இல்லாத குறைகள் இருந்தன என்பதும் விசாரணையில் வெளிவந்தது. காகிதத்தில் மூடியாகிவிட்டது. தரையில் மூடவில்லை!

மானேஜர் படிப்பதோடு வேலை முடியாது என்பது இதனால்தான். ரன்வேயில் புல் வெட்டுகிறவர், பறவை விரட்டுகிறவர், பல்பு மாற்றுகிறவர், காண்டிராக்டரின் டிராக்டர் டிரைவர் எல்லோருக்கும் அவரவர் பங்கு தெரிய வேண்டும். விதியோ இங்கிலீஷில் வருகிறது. டிராக்டர் டிரைவருக்கு அதைத் தமிழில் யாராவது சொன்னால்தான் உண்டு.

பழவேற்காடு ஏரியில் சில மீனவ ஊர்களில் "பாடு" என்று ஒரு முறை இருக்கிறது. யார், எந்த நாளில், ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். முடிவு செய்யும் இடத்திலேயே அத்தனை பேரும் இருப்பதால் யாருக்கும் தனியாகச் சர்க்குலர் தேவை இல்லை. விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஷிப்டு முறையில் வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்டுக்கு வருகிறவர் பகலில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்தாரா என்று யார் சொல்வது?

ஒரு கோடி அபராதம்

இதற்காகத்தான் ஒவ்வொரு விமான நிலையத்திலும் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தனியாகப் பொறுப்பாளர் வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த விதி மாறியது, யாருக்குச் சொன்னோம், அவர் புரிந்துகொண்டாரா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. டெல்லியில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அங்கே அதிகாரிகளுக்கு வகுப்பு நடக்கிறது. வகுப்புக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மேஜை மேல் புதுக் கட்டு!

சட்டமே மாறிவிட்டது. 1934-ம் ஆண்டு விமானச் சட்டம் போய், "பாரதிய வாயுயான் அதினியம்" 2025 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. (பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கவும்.) மீறலுக்கு அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். 2020-க்கு முன்பு இது 10 லட்சமாக இருந்தது.

அடுத்தது தெற்கே

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ராக்கெட் பழகிவிட்டது. அடுத்து தூத்துக்குடி மாவட்டத்தின் முறை. குலசேகரப்பட்டினத்தில் புது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அதே மாவட்டத்தில் வாகைக்குளத்தில் இருக்கிறது தூத்துக்குடி விமான நிலையம். ரன்வேயை நீளமாக்கி, 2025 ஜூலை 26-ந் தேதி அங்கே புது டெர்மினலும் திறந்தாகிவிட்டது.

ராக்கெட் கிளம்பும் நாளில் அந்தக் கரையில் படகுகள் நிற்க வேண்டும். வாகைக்குளத்தில் விமான நேரமும் மாற வேண்டியிருக்கும். அந்த விமான நிலையத்தின் மானுவலில் புதுப் பக்கம் சேரும். குலசேகரப்பட்டினம், மணப்பாடு மீனவர்கள் "எந்த நாள், எத்தனை மணி வரை" என்று கேட்கத் தொடங்குவார்கள்.