அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு பத்திரிகை

மனசில் பட்டதை எழுத வேண்டும். சாப்பாடு, உடம்பு, சிறைவாசம், அரசாங்கத்தோடு சண்டை, எல்லாவற்றையும் எழுதி வாரம் தவறாமல் நாலு பேர் கையில் சேர்க்க வேண்டும். இன்னொருவர் தயவை எதிர்பார்க்கவும் கூடாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு என்னென்ன தேவைப்பட்டது என்று பார்க்க, தென்னாப்பிரிக்காவுக்குப் போகலாம். அங்கே காந்தி ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். 1903இல் தொடங்கிய அது, 1904 கடைசியில் டர்பனிலிருந்து 14 மைல் தள்ளியிருந்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு இடம் மாறியது. பழைய தகரம் வேய்ந்த கொட்டகைதான் அச்சகம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எழுத்துப் பெட்டி. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் இதை ‘கேஸ்’ என்பார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை அகலமாக்கி, சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சீரகம், மிளகுக்குப் பதிலாக ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எழுத்து. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த சின்னத் துண்டுகள் அவை. அடிக்கடி தேவைப்படும் எழுத்து கைக்குப் பக்கத்தில் இருக்கும். எப்போதாவது வருவது ஓரத்தில். தாளிக்கும்போது கடுகு எங்கே என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை அல்லவா? கம்பாசிட்டரும் அப்படித்தான். கண் தாளில் இருக்கும், கை தானாகப் பெட்டிக்குப் போகும்.

பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. அப்படியென்றால் நான்கு வகைப் பெட்டிகள் வேண்டும். தமிழ்ப் பெட்டி கொஞ்சம் பொல்லாதது. ‘கி’, ‘கு’ தனித்தனித் துண்டுகள். ‘கெ’ என்றால் கொம்பு ஒன்று, ‘க’ ஒன்று. அந்தக் கால ‘லை’, ‘னை’ தும்பிக்கையோடு வேறு வரும். அறைகள் நூற்றைத் தாண்டிவிடும். ஆனால் 1906இல் தமிழ், இந்திப் பகுதிகள் நின்றதற்குப் பெட்டி காரணமில்லை. பண்ணையில் வந்து தங்கி எழுத, அந்த மொழிகளில் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்து, எடுத்த எழுத்துகளை ‘ஸ்டிக்’ என்ற சின்ன உலோகத் தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். வரியைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். பண்ணையில் இருந்த எல்லோரும் இதைக் கற்றாக வேண்டும் என்று காந்தி விதித்தார். வேலை எளிது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும் என்பது அவர் கணிப்பு. காந்தியின் உறவினர் மகன்லால் இதில் எல்லோரையும் முந்திவிட்டார். காந்தி கடைசிவரை பின்தங்கியேதான் இருந்தார்.

பிறகு வரிகளைப் பக்கமாகச் சேர்த்து, மை தடவி ஒரு தாள் எடுத்துப் பிழை திருத்துவார்கள். அடுப்பை விட்டு இறக்குமுன் உப்புப் பார்க்கிற மாதிரி. திருத்தியதும் பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்குவார்கள். இறுக்கம் போதாவிட்டால் தூக்கும்போது ஒரு பக்கம் முழுக்கத் தரையில் கொட்டிவிடும்.

அதன்பின் மை. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப்போல மெல்லிசாக ஓட வேண்டும். கூடினால் எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் ஒரு பிரதி. எல்லாம் அடித்து முடிந்ததும் பாத்திரம் கழுவும் வேலை: மையைத் துடைத்து, எழுத்துகளைப் பிரித்து, மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த வாரக் கட்டுரைக்கு எழுத்து இருக்காது.

அச்சு இயந்திரத்தை ஓட்டியது ஓர் எண்ணெய் எஞ்சின். ஃபீனிக்ஸில் முதல் இதழ் அச்சாகும் இரவில் அது மக்கர் செய்தது. நல்லவேளை, காந்தியின் யோசனைப்படி கையால் சுற்றும் சக்கரம் ஒன்றையும் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். சுற்ற ஒரே நேரத்தில் நான்கு பேர் வேண்டும். கொட்டகையில் தூங்கிய தச்சர்களை எழுப்பி, முறைவைத்து விடியவிடியச் சுற்றினார்கள். காலையில் எஞ்சினியர் வந்து தொட்டதுமே எஞ்சின் ஓடத் தொடங்கியது!

கியாஸ் தீர்ந்தாலும் விறகடுப்பு இருக்கட்டும் என்று நினைக்கிற வீட்டுப் புத்தி இது. அந்தப் புத்தி தாளின் அளவு வரை போயிற்று. நாளிதழ் அளவில் இருந்த பத்திரிகையைச் சிறிய ஃபூல்ஸ்கேப் அளவுக்குக் குறைத்தார்கள். அவசரமென்றால் காலால் மிதிக்கும் டிரெடிலிலேயே அடித்துவிடலாம் அல்லவா?

பணமும் எரிபொருள்தான். ஒரு கட்டத்தில் காந்தி தன் வக்கீல் வருமானத்திலிருந்து மாதம் 75 பவுண்டு வரை இதில் கொட்ட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் பின்னாளில் விளம்பரங்களை நிறுத்தினார். வெளியார் அச்சு வேலையையும் விட்டார். எழுத்துக் கோப்பவர்களுக்கு மிஞ்சிய நேரம் புத்தகம் அச்சிடப் போயிற்று. செலவுக்குச் சந்தாதாரர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.