பாத்திரம் கழுவும் இயந்திரம்: வாங்குமுன் ஒரு வாரக் கணக்கு

ஒரு வீட்டில் சமைப்பவர் யார் என்று கேட்டால் எல்லோரும் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். உண்டு முடித்தபின் பாத்திரம் கழுவுபவர் யார் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். சமையலுக்கு என்றாவது ஒருநாள் பாராட்டுக் கிடைக்கும். கழுவுதலுக்கு அதுவும் இல்லை. கழுவாமல் கிடந்தால் மட்டுமே அது பிறர் கண்ணில் படும்.

அண்மையில் எங்கள் வீட்டில் இந்த வேலை பற்றி ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு பேர். நானும் கணவரும் உத்தியோகம். பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள், மாமி, இங்கே தங்கி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் அக்காவின் மகள். மாமியின் கைகள் சவர்க்காரத்தில் ஊறி ஊறி வெடித்து, இரவில் எரிவு தாங்காமல் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார். இதை அறிந்து, கனடாவில் உள்ள கணவரின் தம்பி, "அம்மாவுக்கு ஒரு டிஷ்வொஷர் வாங்குங்கோ, காசு நான் அனுப்புறன்" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கணவருக்கு விருப்பம். பெறாமகள், "சின்னம்மா, மிசின் வந்தால் நான் ஏழு மணிக்கே படிக்க இருக்கலாம்தானே?" என்று கேட்டாள். மாமி மட்டும், "மிசினுக்கை அடுக்கிறது ஆர் பிள்ளை?" என்றார். சமூகவியல் படித்த எனக்கு, அந்தப் பாடத்தின் சாரம் மாமியின் கேள்வியில் இருப்பதாகத் தோன்றியது.

இயந்திரம் வந்த கதை

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நடைமுறைக்கு உகந்ததாக வடிவமைத்தவர் ஒரு பெண். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் கொக்ரேன் 1886 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். கணவரை இழந்து கடன் சுமையோடு நின்ற காலத்தில் அவர் இந்த முயற்சியில் இறங்கினார். 1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவரது இயந்திரம் வைக்கப்பட்டது. ஆனால் அதை வாங்கியவை பெரும்பாலும் ஹோட்டல்களும் உணவகங்களும்தான். சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கு இயந்திரம் வாங்குவது இலாபம். சம்பளமின்றி நடக்கும் வேலைக்கு அதை வாங்க எவரும் அவசரப்படவில்லை.

ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் 1983 இல் வெளியிட்ட நூலொன்றில் வீட்டு இயந்திரங்களின் வரலாற்றை ஆராய்ந்தார். இயந்திரங்கள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் முன்பு செய்த வீட்டு வேலைகள் குறைந்தன. தாயின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கடினம் குறைந்தாலும் பொறுப்பு ஒருவர் தலையிலேயே குவிந்தது என்பது அவர் முடிவு.

நம் நாட்டு நிலையும் இதற்குத் தொலைவானதல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டு நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிக நேரம் செலவிடுவதை அது எடுத்துக்காட்டியது.

கொப்பியில் எழுதிய வாரம்

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் கணக்கு எடுப்போம் என்றேன். குசினிச் சுவரில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டோம். யார் கழுவினார், எவ்வளவு நேரம், எத்தனை சாமான் என்பதைக் கழுவியவரே எழுதவேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று முறை என வாரத்தில் 21 தடவைகள். மாமி 8, பெறாமகள் 7, நான் 5, கணவர் 1. பெறாமகளின் ஏழும் இரவு நேரம், அதாவது படிக்கவேண்டிய நேரம். காலை 25 நிமிடம், மதியம் 30 நிமிடம், இரவு 45 நிமிடம் சென்றன. வாரத்துக்கு 11 மணி 40 நிமிடம்! கொப்பியைப் பார்த்த கணவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

அடுத்து, இந்த 100 நிமிடத்தில் இயந்திரம் எதை எடுத்துக்கொள்ளும் என்று பார்த்தோம். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் கோப்பைகள், பேணிகள், கரண்டிகள் அதற்குள் போகும். மண்சட்டி போகாது. தோசைக்கல், அகப்பை, பனையோலை நீத்துப்பெட்டி, பித்தளைச் சாமான் எதுவும் போகாது. அலுமினியப் பானை கறுத்துவிடும். எங்கள் சமையலில் கடின வேலை தருபவை இவைதான். இயந்திரத்தில் இடக்கூடிய சாமான்களுக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் ஆனது. எச்சிலை வழித்து, அடுக்கி, கழுவிமுடிந்தபின் எடுத்துவைக்க 20 நிமிடம் என்று கொண்டால் மிச்சம் 30 நிமிடம். வாரத்துக்கு மூன்றரை மணி. அது சிறிய உதவியல்ல. ஆனால் நாங்கள் எண்ணியிருந்த அளவும் அல்ல.

தண்ணீரும் மின்சாரமும்

இயந்திரம் தண்ணீரை விழுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. தற்கால இயந்திரம் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 லீட்டர் வரையே எடுக்கும். எங்கள் குழாயின் கீழ் 10 லீட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். 100 செக்கனில் நிரம்பியது. இரவுக் கழுவலில் குழாய் 15 நிமிடம் திறந்திருந்தால் 90 லீட்டர் போய்விடும். அதே பாத்திரங்களை ஒரு பேசினில் சவர்க்கார நீர், மற்றொன்றில் நல்ல நீர் என வைத்துக் கழுவியபோது 30 லீட்டர் போதுமாக இருந்தது.

மின்சாரக் கணக்கு வேறு. ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையால் கழுவுவதைவிட இயந்திரம் நீரையும் மின்சாரத்தையும் சேமிக்கும் என்று கண்டார்கள். ஆனால் அங்கே கையால் கழுவுவோர் சுடுநீர் பாவிப்பவர்கள். நாம் பச்சைத் தண்ணீரில் கழுவுகிறோம். எனவே இயந்திரம் நீரைச் சூடாக்கச் செலவிடும் மின்சாரம் நமக்கு மேலதிகச் செலவே. ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஓர் அலகு என்றால் மாதத்துக்கு 30 அலகு. நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. புதிதாகச் சேரும் 30 அலகும் உங்கள் பற்றுச்சீட்டின் மேற்படியில்தான் விழும். வாங்க எண்ணுபவர்கள் சென்ற மாதப் பற்றுச்சீட்டை எடுத்து, இன்னும் 30 அலகு கூடினால் எந்தப் படிக்குப் போகும் என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

யாழ்ப்பாணத்தவர் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் கடின நீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இயந்திரத்துள்ளும் படியும். அதைத் தடுக்க இயந்திரத்துக்கென்றே விற்கும் உப்பை இடவேண்டும், கறியுப்பு உதவாது. கழுவும் மருந்தும் தனியானது. சாதாரண பாத்திரச் சவர்க்காரத்தை ஊற்றினால் நுரை பொங்கி வெளியே வரும். நீர் அழுத்தமும் போதியளவு வேண்டும். பல இயந்திரங்கள் 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும். 0.5 பார் என்றால் தண்ணீர்த் தாங்கி ஏறத்தாழ 5 மீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். உப்பும் காரமும் கலந்த கழிவு நீரை வாழைக்கு விடுவதும் நல்லதல்ல.

நாங்கள் எடுத்த முடிவு

கணக்குகளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்து பேசினோம். மாமியை மருத்துவரிடம் காட்டியபோது, கை ஆறும்வரை சவர்க்கார நீரைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். இயந்திரம் வந்தாலும் மண்சட்டி மாமிக்குத்தான் என்றால் அந்தக் கை ஆறப்போவதில்லை. பெறாமகளின் பரீட்சையும் இயந்திரத்துக்காகக் காத்திராது.

எனவே இயந்திரத்தை ஒரு வருடம் தள்ளிவைத்தோம். தம்பி அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கிணற்றடியில் குந்தியிருந்து கழுவும் வழக்கத்தை நிறுத்தி, நின்று கழுவும் உயரத்தில் இரண்டு தொட்டிகள் கட்டி இரண்டு குழாய்கள் பூட்டினோம். இதைச் சொன்னவர் மாமிதான். மிகுதி வங்கியில் இருக்கிறது. உண்டவர் தம் கோப்பையைத் தாமே கழுவி வைக்கவேண்டும், சின்னவர்கள் உட்பட. கிழமை நாட்களில் பெறாமகளுக்குப் பாத்திர வேலை இல்லை.

மூன்று மாதத்தின் பின் மீண்டும் ஒரு வாரம் எழுதினோம். நான் 10, கணவர் 8, பெறாமகள் 3, மாமி 0. நாளுக்கு 100 நிமிடம் 70 ஆகியிருந்தது. என் பங்கு கூடியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அடுத்த வருடம் இயந்திரம் பற்றி மீண்டும் பேசும்போது அதையும் மேசையில் வைப்பேன். அப்போது யாருடைய நேரத்தை மீட்க வாங்குகிறோம், யார் அடுக்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மாமியின் விரல் வெடிப்புகள் ஆறிவிட்டன.

உங்கள் வீட்டுக்கு எது?

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. படுக்கையில் உள்ள நோயாளியைப் பராமரிக்கும் வீடு, தனியொருத்தியாக உழைத்துப் பிள்ளை வளர்க்கும் தாய், கைத்தோல் நோயுள்ளவர், பீங்கானும் எவர்சில்வருமே அதிகம் பாவிக்கும் குடும்பம் ஆகியோருக்கு அது ஆடம்பரமல்ல. வசதியிருந்தால் தயங்காமல் வாங்கலாம். "இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல்" என்று சொல்பவர்களிடம் கொப்பியைக் கொடுத்து ஒரு வாரம் கழுவி எழுதச் சொல்லுங்கள்.

வேலை நிமித்தம் பல வீடுகளுக்குச் செல்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். படிக்கவென்று உறவினர் வீட்டில் வந்து தங்கும் பெண்பிள்ளைகள் "வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சாப்பிடும் சோற்றுக்குக் கைமாறாகத் தொட்டியடியில் நிற்பார்கள். வயதான தாய்மாரும் அப்படித்தான். சகோதரிகளே, இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்து உங்கள் குசினியில் தொங்கவிடுங்கள். முதலில் அவர்களுடைய பெயருக்கு நேரே எத்தனை விழுகிறது என்று பாருங்கள்.