கைவேலைக்கு ஓர் இணையப் பக்கம்

வீட்டிலிருந்து அபாயா தைக்கும் நம் சகோதரிகள் பலரின் திறமை அயல்வீட்டோடு நின்றுவிடுகிறது. சொந்தமாக ஓர் இணையத்தளம் இருந்தால் தூரத்து ஊராரும் பார்ப்பார்கள். கூகுள் சைட்ஸில் செலவின்றியே அமைக்கலாம்.

தைத்த அத்தனையையும் போட வேண்டாம். சிறந்த எட்டுப் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் துணி என்ன, எத்தனை நாள் சென்றது, கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். கூலியைச் சொல்லாவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுவார்கள். கைத்தொலைபேசிப் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும், பார்ப்பவரின் டேட்டாவும் வீண்.

முகத்தைக் காட்ட வேண்டுமோ என்ற தயக்கம் சிலருக்கு. அவசியமே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உடுப்பைத் தொங்கவிட்டு எடுத்த படம் போதும். வீட்டு விலாசம் வேண்டாம். ஊர்ப்பெயரும் தொழிலுக்கென்று தனியாக ஓர் இலக்கமும் இருக்கட்டும். பிறர் தைத்ததை உங்களுடையதாகக் காட்டுவதோ சுத்த மோசடி. மாதமொருமுறை பழைய படமொன்றை நீக்கிப் புதியது போடுங்கள். கூலி மாறியிருந்தால் அதையும் திருத்துங்கள்.