கேம்பிலிருந்து ஓபராவுக்கு ஏழே ஸ்டேஷன், தெரியுமா?

ரஜினி படம் ரிலீஸான அன்று, பொழுது விடியும் முன்னே அரோரா தியேட்டர் வாசலில் நின்றிருக்கிறீர்களா? மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, ரயில் பாலம் தாண்டி, கிங்ஸ் சர்க்கிள் போய், கவுன்ட்டர் ஓட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, கசங்கிய நோட்டை நீட்டி டிக்கெட் வாங்கிய ஆளா நீங்கள்? அப்படியானால் வியன்னா, மிலான், நியூயார்க் என்று எந்த ஊர் ஓபராவுக்கும் நீங்கள் தயார்! கோட்டு சூட்டுக்காரர்கள் ஆறு மாதம் முன்பே பதிவு செய்யும் அந்த அரங்குகளில், அன்றைக்கு அன்றே கேட்பவருக்கென்றே மலிவு டிக்கெட் ஒதுக்கி வைக்கிறார்கள் தெரியுமா?

முதலில் வியன்னா. 1869-இல் திறந்த அரசு ஓபரா. உட்கார்ந்து பார்க்க இருநூறு யூரோவுக்கு மேல் கேட்கும் அதே அரங்கில், நின்று பார்க்க நானூறுக்கும் அதிகமான இடங்கள்! பல வருஷம் அதற்கு மூன்று, நான்கு யூரோதான் வாங்கினார்கள். இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் மலிவுதான். வேடிக்கை டிக்கெட் வாங்கிய பிறகுதான் ஆரம்பம். உள்ளே ஓடிப் போய், முன்னால் இருக்கும் கம்பியில் ஒரு கைக்குட்டையையோ கழுத்துத் துணியையோ முடிச்சுப் போட்டுவிட்டால் அந்த இடம் உங்களுடையது. காபி குடித்துவிட்டு நிதானமாக வரலாம், ஒருவரும் அவிழ்க்க மாட்டார்கள்! பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் வியன்னாவுக்கு எப்போது போனது? அது மட்டுமா! நிற்பவருக்கும் கண்ணெதிரே குட்டித் திரையில் பாட்டின் அர்த்தம் ஓடும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் கதை இன்னும் ருசி. 2006-இல் அங்கே 'ரஷ் டிக்கெட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நூறு டாலர் இருக்கை, அன்றைக்கு வந்து வரிசையில் நின்றால் இருபது டாலர்! மிச்சம் எண்பதை யார் கொடுத்தது? ஆக்னஸ் வாரிஸ் என்ற மருந்து கம்பெனி முதலாளி அம்மா. அவருடைய அப்பா தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்றவர் தெரியுமா! வண்டிக்காரர் மகள் பணம் கட்ட, வழியில் போகிறவர்கள் எல்லாம் முன்வரிசைப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். இப்போது விலை 25 டாலர், வரிசையும் இணையத்துக்கு மாறிவிட்டது. வாரநாள் இரவுக் காட்சி என்றால் அன்று நண்பகலில் விற்பனை திறக்கும். சில நிமிஷத்தில் காலி. கொட்டும் பனியில் நின்று பக்கத்து ஆளோடு பேசிப் பழகிய சுகம் போனது எனக்கு வருத்தம்தான்.

சரி, மலிவு டிக்கெட்டுக்காரர்கள் வாய் மூடிக் கிடப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? மிலான் நகரத்து லா ஸ்காலாவில் உச்சி மாடத்து ரசிகர்கள் என்றால் பாடகர்களுக்கே உதறல்! நம் தரை டிக்கெட் விசிலுக்கு அண்ணன்மார் அவர்கள். 2006 டிசம்பரில் 'அயீதா' ஓபரா. ராபர்ட்டோ அலான்யா முதல் பாட்டை முடிக்கிறார். மாடத்திலிருந்து 'ஊ' என்று கூச்சல். மனிதர் கையை ஒரு வீசு வீசிவிட்டு மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார்! ஆர்கெஸ்ட்ரா நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி வேஷம் கட்ட நேரமில்லாமல், ஜீன்ஸ் பேன்ட்டோடு எகிப்து தளபதியாகப் போய் நின்று பாடினார்! சுற்றி எல்லோரும் பட்டும் பொன்னும். நடுவில் ஒரு ஜீன்ஸ்.

லண்டன்காரர்கள் இதற்கும் மேலே. 1808-இல் எரிந்துபோன கோவன்ட் கார்டன் அரங்கை 1809-இல் புதிதாகக் கட்டியவர்கள், செலவை ஈடுகட்டக் கீழ்த்தளத்து டிக்கெட்டை மூன்றரை ஷில்லிங்கிலிருந்து நாலாக ஏற்றினார்கள். ஏறியது வெறும் அரை ஷில்லிங்! 'பழைய விலை, பழைய விலை' என்று கத்தியே, இரண்டு மாதத்துக்கு மேல் இரவுதோறும் நாடகத்தைக் கேட்கவிடாமல் அடித்தார்கள். கடைசியில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, மூன்றரைக்கே இறங்கி வந்தது. டிக்கெட் விலைக்கு இப்படி மல்லுக்கு நின்ற வீரம் நம்மிடம் இப்போது இல்லை. பாப்கார்னுக்கே கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கென்ன என்கிறீர்களா? முழுக்கப் பாட்டாகவே கதை சொல்லும் நாடகம்தானே ஓபரா? அது தமிழுக்கு அன்னியமா என்ன! கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை வேறென்ன? அதன் நாயகன் யார்? கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பண்ணையாள். திருப்புன்கூரில் வெளியே நின்று எட்டிப் பார்க்கிறான். குறுக்கே நந்தி மறைக்கிறது. ஓபரா அரங்குகளில் தூண் மறைக்கும் இருக்கை என்று பாதி விலைக்கு விற்பார்களே, அந்த நிலைமைதான். தூண் நகராது, திருப்புன்கூர் நந்தி நகர்ந்தது! இன்றைக்கும் அங்கே நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் விலகித்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இந்தக் கதை 1935-இல் சினிமாவானபோது நந்தனாராக நடித்த கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அப்போதைய ஒரு லட்சம்!

கேம்புக்கே ஓர் ஓபராக்காரர் உண்டு தெரியுமா? மராட்டிய மக்கள் பாடகர் அண்ணாபாவ் சாட்டே. லேபர் கேம்பில் இருந்துதான் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தார். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் என்ற பாடகர்கள் இருவரோடும் சேர்ந்து 'லால் பாவ்டா' கலைக்குழுவைத் தொடங்கினார். மராட்டிய நாட்டுப்புறக் கூத்தான தமாஷாவை எடுத்து, அதன் பாட்டையும் கேலியையும் வைத்துக்கொண்டு, ராஜா ராணிக்குப் பதில் கூலிக்காரனை மேடையேற்றினார். தெருவும் மைதானமும்தான் அரங்கம்.

நம் மும்பை சண்முகானந்தா ஹால் மட்டும் லேசுப்பட்டதா! 1952-இல் தொடங்கிய சபை, 1963-இல் கட்டிய அரங்கம், 2,700-க்கு மேல் இருக்கை. 1990-இல் தீப்பிடித்து, 1998-இல் மறுபடி எழுந்தது. காசே இல்லாமல் கேட்கவும் இடம் உண்டு: சென்னை மியூசிக் அகாடமியில் மார்கழி மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, இலவசம். ராத்திரி நட்சத்திரங்களாகப் போகிற பிள்ளைகள் அந்த மத்தியான வெயிலில்தான் பாடுகிறார்கள். நான் சொல்வேன், மெட்ராஸில் இதைவிட லாபமான இரண்டு மணி நேரம் இல்லை.

கடைசியாக, மும்பைக்காரரே பலர் அறியாத சமாசாரம். இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே ஓபரா ஹவுஸ் நம் ஊரில்தான்! கட்டி முடியும் முன்பே 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். பிறகு சினிமாக் கொட்டகையாகி, 1990-களில் பூட்டி, தூசி படிந்து கிடந்தது. கட்டடக்கலை நிபுணர் ஆபா நரைன் லம்பா பழுதுபார்க்க, 2016 அக்டோபரில் மறுபடி கதவு திறந்தது. அன்று பாடியவர் மும்பையில் பிறந்து உலக மேடைகளில் புகழ்பெற்ற பாட்ரீசியா ரொசாரியோ. அப்படியே கொஞ்சம் தள்ளி, நரிமன் பாயின்ட் என்சிபிஏ கலை மையத்தில் மெட்ரோபாலிட்டன் ஓபராவைப் பெரிய திரையில் காட்டியிருக்கிறார்கள். முதலில் வருபவருக்கு முதலிடம் என்று இலவச நிகழ்ச்சிகளும் அங்கே நடப்பதுண்டு.

நம் அரங்கு நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: வியன்னா போல நானூறு வேண்டாம், பால்கனியில் ஒரே ஒரு வரிசையை அன்றன்று வருபவருக்கு ஐம்பது ரூபாய்க்கு விடுங்கள். வரிசை எவ்வளவு நீளம் போகிறது என்று அப்புறம் பாருங்கள்.

அதுவரை நம் ஓபரா ஹவுஸுக்கு வழி இதோ: மாட்டுங்கா ரோடில் சர்ச்கேட் ஸ்லோ ரயில் ஏறுங்கள். தாதர், பிரபாதேவி, லோவர் பரேல், மகாலட்சுமி, மும்பை சென்ட்ரல், கிராண்ட் ரோடு; ஏழாவது சர்னி ரோடு. இறங்கி நடக்கிற தூரம்தான் ஓபரா ஹவுஸ். செகண்ட் கிளாஸில் ஒரு வழிக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது.