அரைகுறை மருந்து நோயை வளர்க்கும்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருவோரில் சிலர், ஐந்து நாளுக்கு எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கையில் காசில்லாமல் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குகிறார்கள். வேறு சிலர் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் மருந்து கொஞ்சமாவது நன்மை செய்யும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அதனால் கெடுதலே வரலாம்.

போதாத மருந்தில் பலவீனமான கிருமிகள் சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார்.

நமது உடலின் எதிர்ப்புச் சக்தியும் இதனால் தடுமாறலாம். சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியில் மருந்துக்கு அடங்காத வகை ஒன்று உண்டு. பெனிசிலின் இன மருந்து அதைக் கொல்லாது. ஆனால் அதன் மேலுறையின் பின்னலைத் தளர்த்திவிடும். அந்தக் கிருமியை விழுங்கும் நமது வெள்ளணுக்களுக்குள் அந்த உறை எளிதில் சிதைகிறது. உடனே அணுக்கள் அளவுக்கு மீறி அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. இதனால் புண் ஆறாமல் மோசமாவதை, அமெரிக்காவில் எலிகளிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற நாமக்கல் நமக்குப் பக்கத்து ஊர். கோழி சீக்கிரம் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்து வந்தது. அங்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் தரப்படும் கோலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்புக்கு விற்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது இதற்காகவே.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். ஆகவே:

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அதற்கான அடையாளம்.

சொன்ன அளவை, சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

சளி, சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்து பயன்படாது.

சேலம் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெளியில் வாங்க வேண்டியிருந்து, முழு மருந்துக்கும் பணம் போதாவிட்டால், சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். பாதி மருந்தோடு யாரும் வீடு திரும்ப வேண்டாம். இன்ஷா அல்லாஹ், மீதிக்கு நாம் ஏற்பாடு செய்வோம்.